ஹெட் அரே: தலையசைவால் ஓடும் நாற்காலியில் 14 மாதங்கள்

விரல்களில் எஞ்சியிருந்த பலமும் குறைந்துபோனபோது, மின் சக்கர நாற்காலியின் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு வேறு வழிக்கு மாற வேண்டிய கட்டாயம் எனக்கு வந்தது. தசைச் சிதைவு நோய் உள்ளவர்களுக்கு இது எதிர்பாராத ஒன்றல்ல. ஆனாலும், ஒரு சரிவில் பாதி ஏறியபின் கட்டைவிரல் மேற்கொண்டு தள்ள மறுத்து, நாற்காலி அப்படியே நின்றுவிட்ட அந்தக் காலைப் பொழுதுக்கு எந்த எதிர்பார்ப்பும் என்னைத் தயார்செய்திருக்கவில்லை. கடந்த 14 மாதங்களாக, தலைக்குப் பின்னால் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று திண்டுகள் கொண்ட ஹெட் அரே என்னும் கருவியால்தான் ஓட்டிவருகிறேன். இந்த மதிப்புரை அதைப் பற்றியது. அதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் முயன்று பார்த்தவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு கருவி நல்லதா என்று கேட்பவர், எதைவிட நல்லது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய கருவிகளை விற்பவர்கள் காட்டும் செயல்விளக்கம் பெரும்பாலும் பத்து நிமிடம் நடக்கும். நன்றாகத் தூங்கி எழுந்த ஒருவர், அகலமான கூடத்தில், சமமான தரையில் ஓட்டிக் காட்டுவார். அந்தப் பத்து நிமிடத்தில் எந்தக் கருவியும் அழகாகத்தான் ஓடும். மாலை ஆறு மணிக்குக் கழுத்து களைத்திருக்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது, நான் நினைத்த இடத்தில் நிற்கிறதா என்ற இரண்டையும் வைத்துத்தான் நான் மதிப்பிடுகிறேன். ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் கடினம் என்பது கையால் ஓட்டிய காலம்வரை எனக்குத் தெரியவில்லை.

ஜாய்ஸ்டிக் எதைத் தருகிறது என்பது அதை இழந்த பிறகுதான் முழுதாகப் புரிகிறது. அது அளவுக்கேற்பச் செயல்படும் கருவி: கொஞ்சம் சாய்த்தால் கொஞ்சம் வேகம், முழுக்கச் சாய்த்தால் முழு வேகம், இடைப்பட்ட எல்லாத் திசைகளும் எல்லா வேகங்களும் ஒரே கைப்பிடியில். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தில் ஜார்ஜ் கிளைன் என்னும் பொறியாளர், இரண்டாம் உலகப் போரில் காயமடைந்து கைகால் செயலிழந்த வீரர்களுக்காக மின் சக்கர நாற்காலியை உருவாக்கியதிலிருந்து எத்தனையோ மாறிவிட்டது. ஆனால் கைப்பிடியைத் தள்ளும் திசையில் போகலாம் என்ற எளிமையை மிஞ்சிய ஒன்று இன்னும் வரவில்லை. ஆகவே விரல்நுனியில் துளி அசைவு மிச்சமிருந்தாலும் முதலில் மினி ஜாய்ஸ்டிக்கை முயன்று பாருங்கள் என்றே சொல்வேன். சில கிராம் விசைக்கே அது அசையும்; விரலால் மட்டுமன்றி உதட்டாலும் தாடையாலும்கூட இயக்கலாம். நான் அதை மூன்று மாதம் பயன்படுத்தினேன். அதன் நுட்பமே எனக்கு எதிரியாகிவிட்டது. அசைவின் வீச்சு சில மில்லிமீட்டர்தான் என்பதால், தரையில் ஒரு சிறு மேடு வந்தாலும் விரல் குலுங்கும். அந்தக் குலுக்கலையும் அது கட்டளையாக எடுத்துக்கொள்ளும். நடுக்கத்தை வடிகட்டும் அமைப்பு உண்டு. அதைக் கூட்டினால் நடுக்கம் அடங்கும், கூடவே நாற்காலியின் மறுமொழியும் தாமதமாகும். எனக்கு இரண்டுக்கும் நடுவே பொருந்தும் புள்ளி கிடைக்கவில்லை.

அடுத்து முயன்றது, வாயில் ஒரு மெல்லிய குழாயை வைத்து ஊதியும் உறிஞ்சியும் ஓட்டும் சிப் அண்ட் பஃப் முறை. வழக்கமான அமைப்பில் பலமாக ஊதினால் முன்னே, பலமாக உறிஞ்சினால் பின்னே, மெதுவாக ஊதினால் வலம், மெதுவாக உறிஞ்சினால் இடம். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் பலமும் மெதுவும் எங்கே பிரிகின்றன என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளந்து அமைக்க வேண்டும். நான் முதலில் நெஞ்சிலிருந்து ஊதி, ஐந்தாவது நிமிடத்திலேயே களைத்துப்போனேன். உண்மையில் வேண்டியது நுரையீரல் காற்று அல்ல. கன்னமும் நாக்கும் சேர்ந்து வாய்க்குள் உண்டாக்கும் அழுத்தம். இதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்கும் சிகிச்சையாளர் அமைந்தால், மூச்சுத்திணறல் உள்ளவர்களில் சிலருக்கும் இது ஒத்துவரக்கூடும். நான் இதைக் கைவிட்டதற்கு இரண்டு காரணங்கள். குழாயில் எச்சிலும் ஈரமும் சேர்ந்து அழுத்தத்தின் அளவையே மாற்றிவிடுவது ஒன்று. மற்றது, இந்த முறையில் பெரும்பாலும் தாழிட்டு ஓட்ட வேண்டியிருப்பது. அதாவது, ஒருமுறை பலமாக ஊதினால் நாற்காலி ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்துவதற்கு வேறு கட்டளை தர வேண்டும். இருமல் வந்தால் அந்தக் கட்டளையைத் தர வாய் கிடைக்காது. இதற்காகவே தனியாக ஓர் அவசர நிறுத்த ஸ்விட்ச் பொருத்துகிறார்கள். ஆனால் அதை அழுத்துவதற்கு என் உடலில் நம்பகமான இன்னோர் இடம் வேண்டுமே. கழுத்துக்குக் கீழே முழுவதும் அசைவற்றவர்கள் பலர் இந்த முறையில் பல்லாண்டு காலம் மிக லாவகமாக ஓட்டிவருகிறார்கள். குறை கருவியில் இல்லை. என் உடலுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

தாடையால் இயக்கும் ஜாய்ஸ்டிக்கை ஒரு நாள் மட்டும் பார்த்தேன். அளவுக்கேற்ப இயங்குவது அதன் பெரும் பலம். முகத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு தண்டு நிற்பதும், சாப்பிடவும் பேசவும் அதை விலக்கச் சொல்லி ஒருவரைக் கூப்பிட வேண்டியிருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

கண்ணால் ஓட்டும் முறையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரராக இருந்து, இயக்க நரம்புச் சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட ஸ்டீவ் கிளீசன், 2014ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் ஊழியர்கள் புதியவற்றை உருவாக்கிப் பார்க்கும் ஹேக்கத்தான் நிகழ்வில் வைத்த கோரிக்கைக்குப் பிறகு இந்தத் துறை வேகமாக வளர்ந்தது. கண்ணைத் தவிர வேறெதையும் அசைக்க இயலாதவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் போகும் வழியைப் பார்க்க வேண்டிய அதே கண், திரையிலுள்ள அம்புக்குறியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்ணைத் தொடரும் கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியை நம்பியிருப்பதால் கடும் வெயிலில் தடுமாறுகின்றன. ஆராய்ச்சி நிலையில் உள்ளவற்றில் என்னைக் கவர்ந்தது, நாக்கில் ஒரு சிறு காந்தத்தைப் பொருத்தி ஓட்டும் முறை. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகக் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கைகால் செயலிழந்த 11 பேர் அதைப் பயன்படுத்தி, ஊதி ஓட்டும் முறையைவிட மூன்று மடங்கு வரை விரைவாகவும் அதே துல்லியத்துடனும் பணிகளை முடித்தார்கள். மூளை மின்னலைகளைக் கொண்டு ஓட்டும் சோதனைகளும் நடக்கின்றன. இவற்றை நான் ஆவலோடு கவனித்துவருகிறேன். ஆனால் நாளைக் காலையில் எனக்குக் கதவைத் தாண்டிப் போக வேண்டும், அதற்கு இவை உதவா.

இனி ஹெட் அரே. பார்வைக்கு இது சாதாரண ஹெட்ரெஸ்ட் போலவே இருக்கிறது. நான் இதை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். மூன்று திண்டுகளுக்குள்ளும், தலையின் நெருக்கத்தை உணரும் சென்சார்கள் இருக்கின்றன. அழுத்த வேண்டியதில்லை, தலை அருகே வந்தாலே போதும். பின் திண்டில் தலையைச் சாய்த்தால் முன்னே போகும். இடத் திண்டை நெருங்கினால் இடப்பக்கம், வலத் திண்டை நெருங்கினால் வலப்பக்கம் திரும்பும். பின் திண்டையும் பக்கத் திண்டையும் ஒரே நேரத்தில் நெருங்கினால், முன்னே போய்க்கொண்டே வளையும். பின்னோக்கிப் போக, முன் பின் மாற்றும் தனி ஸ்விட்ச் ஒன்று வேண்டும். அதை என் வலது முழங்காலின் உட்புறத்தில் பொருத்தியிருக்கிறோம். ஒருமுறை தொட்டால் ஒரு பீப் ஒலி. அதன்பின் அதே பின் திண்டு பின்னோக்கி ஓட்டும். எந்த நிலையில் இருக்கிறோம் என்று அந்த ஒலிதான் சொல்கிறது. இரைச்சலான இடத்தில் அது காதில் விழாது என்பதால், கண்ணுக்குத் தெரியும் விளக்கு ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இதன் ஆகப் பெரிய நன்மை, விட்டால் நின்றுவிடுவது. தலையைத் திண்டிலிருந்து முன்னால் எடுத்த உடனே கட்டளை அறுந்துவிடுகிறது, மோட்டார் வேகம் குறைகிறது, மின்காந்த பிரேக் பிடித்துக்கொள்கிறது. அந்த பிரேக் மின்சாரம் இருக்கும்போது தளர்ந்து, இல்லாதபோது பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. எனவே பேட்டரி போனாலும் நாற்காலி உருண்டோடாது. பயந்துபோகும்போது மனிதருக்கு இயல்பாகவே தலை முன்னுக்கு வரும். அந்த இயல்பே இங்கே நிறுத்தக் கட்டளையாகிவிடுகிறது. முதல் வாரத்தில் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தபோது, நான் யோசிப்பதற்கு முன்பே நாற்காலி நின்றிருந்தது. இந்த ஒன்றுக்காகவே மற்ற குறைகள் பலவற்றைப் பொறுத்துக்கொள்கிறேன்.

குறைகள் இல்லாமலில்லை. பரவலாகக் கிடைக்கும் ஹெட் அரேக்கள் உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலைகளில் வேலை செய்பவை. கொஞ்சம் சாய்ந்தால் கொஞ்சம் வேகம் என்பது இல்லை. சாய்வுக்கேற்ப வேகம் தரும் வகைகளும் வந்துள்ளன. என்னிடம் உள்ளது அது அல்ல. ஆகவே ஜாய்ஸ்டிக்கில் என் கை செய்துவந்த வேலையை இப்போது நாற்காலியின் செட்டிங் செய்ய வேண்டியிருக்கிறது. எவ்வளவு வேகமாகப் புறப்பட வேண்டும், எவ்வளவு மெதுவாக நிற்க வேண்டும், திரும்பும்போது எந்த வேகம் என்று ஒவ்வொன்றும் ஓர் எண். இங்கேதான் என் மனக்குறை இருக்கிறது. கருவியைக் கொண்டுவந்து கொடுத்த நிறுவனத்தார் அதைப் பொருத்தி, தொழிற்சாலையிலிருந்து வந்த எண்களையே விட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த பத்து நாட்கள் நான் கதவுகளோடு போராடினேன். என் அறைக் கதவில் நாற்காலி நுழைந்தால் இருபுறமும் நான்கு விரல் இடம்தான் மிஞ்சும். பக்கத் திண்டை நெருங்கிய அந்தக் கணமே நாற்காலி வெடுக்கென்று திரும்பும். சரிசெய்ய மறுபக்கம் நெருங்கினால் அந்தப் பக்கம் வெடுக்கென்று திரும்பும். வலதுபுறக் கால்தாங்கியின் விளிம்பில் வண்ணம் உரிந்து, கதவுச் சட்டத்தின் மரத்தூள் ஒட்டியிருந்ததை அக்கா துடைத்துக்கொண்டிருந்தபோது, “உனக்கு இது சரிப்படவில்லையோ” என்று தயங்கிக் கேட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

பிறகு வேறொரு தொழில்நுட்பர் வந்தார். இந்த எண்களை மாற்றும் ப்ரோகிராமர் என்னும் கருவியை நாற்காலியில் செருகிவிட்டு அவர் செய்த முதல் காரியம், என்னை ஓட்டச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அதன்பின் வீட்டுக்குள் ஓட்டும் ப்ரோகிராமில் திரும்பும் வேகத்தை 20 சதவீதத்திலிருந்து 11 சதவீதத்துக்குக் குறைத்தார். “உங்களுக்கு இது ரொம்ப மெதுவாகத் தோன்றலாமே” என்றார். “மெதுவாகத்தான் வேண்டும், கொஞ்சம் பார்க்கலாம்” என்றேன். திரும்பத் தொடங்கும் வேகத்தையும் குறைத்தார். திரும்பி முடிக்கும் வேகத்தை மட்டும் குறைக்காமல் சற்றுக் கூட்டினார். தொடங்குவது மென்மையாகவும் நிற்பது உடனடியாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் விளக்கம். அடுத்த முறை கதவருகே போய் இடத் திண்டை நெருங்கினேன். நாற்காலி, யோசித்துத் திரும்புவதுபோல் மெல்லத் திரும்பியது. தலையை எடுத்தேன், நின்றது. சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே அந்த நான்கு விரல் இடம் அப்படியே இருந்தது. கருவி பத்து நாட்களாக இருந்த அதே கருவிதான்.

இதனால்தான் வாங்குகிறவர்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: விலையைப் பேசும்போதே, பொருத்திய பின் இரண்டு வாரத்திலும் மூன்று மாதத்திலும் வந்து செட்டிங்கைத் திருத்தித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று, மாலையில் களைத்த கழுத்துக்கு ஒன்று என்று குறைந்தது மூன்று ப்ரோகிராம்கள் வைத்துத் தரச் சொல்லுங்கள். என் மாலை ப்ரோகிராமின் உச்ச வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர். அது விநாடிக்கு அரை மீட்டருக்குச் சற்று அதிகம். களைத்த நேரத்தில் தலையை எடுக்க எனக்கு அரை விநாடி ஆகிறதென்றால், அதற்குள் நாற்காலி ஒரு சாணுக்கு மேல் நகர்ந்திருக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, மெதுவாக ஓட்டுவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய இன்னொன்று, உங்கள் நாற்காலியின் மின்னணு அமைப்பு. எளிய நாற்காலிகள் பலவற்றில் ஜாய்ஸ்டிக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியும் வேறு கருவியை ஏற்காத வகையில் அமைந்திருக்கும். அவற்றில் ஹெட் அரேயைச் செருக இடமே இராது. மாற்றுக் கருவிகளை ஏற்கும் விரிவாக்க அமைப்பு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்காவிட்டால், பிறகு நாற்காலியையே மாற்ற நேரும். நோய் கூடிக்கொண்டே போகும் என்று தெரிந்தவர்கள், கை நன்றாக இருக்கும்போதே இப்படிப்பட்ட நாற்காலியை வாங்குவது அறிவுடைமை. கூடவே, தடம் விலகாமல் காக்கும் ஜைரோ அமைப்பும் இருக்கட்டும். பின்னோக்கி வந்துவிட்டு முன்னே புறப்படும்போது சிறு சக்கரங்கள் சுழன்று திரும்பி நாற்காலியை ஒரு பக்கம் இழுக்கும். சரிவான பாதையிலும் அப்படியே. கையால் ஓட்டுகிறவர் அதைத் தன்னையறியாமல் சரிசெய்துவிடுவார். தலையால் ஓட்டுகிறவர் ஒவ்வொரு விலகலுக்கும் கழுத்தைச் செலவழிக்க வேண்டும்.

கழுத்தைப் பற்றியே பேசினால், இந்தக் கருவியில் எனக்கு இன்னும் தீராத வருத்தம் ஒன்று உண்டு: ஓட்டும்போது பக்கவாட்டில் பார்க்க முடிவதில்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலை திரும்பும். தலை திரும்பினால் நாற்காலியும் திரும்பும். சாலையைக் கடக்கும் முன் இருபுறமும் பார்க்க வேண்டும் என்றால் முதலில் நின்று, தலையை முன்னால் எடுத்து, பிறகுதான் பார்க்க வேண்டும். உடன் நடந்து வருபவரோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டே போவது என்பது இல்லாமலாகிவிட்டது. பக்கத் திண்டுகளைச் சற்று அகலமாக வைத்தால் பார்வைக்கு இடம் கிடைக்கும், ஆனால் திரும்புவதற்குக் கழுத்து அதிக தூரம் போக வேண்டியிருக்கும். காலையில் அகலம் பிடிக்கிறது, மாலையில் குறுகல் பிடிக்கிறது. இதற்கு நல்ல தீர்வு எதையும் நான் இதுவரை காணவில்லை.

வேறு சில தொல்லைகளும் உண்டு. ஈரத் தலையோடு உட்கார்ந்தாலோ வியர்த்துக் கொட்டினாலோ சென்சார் குழம்புகிறது. மெல்லிய உலர்ந்த துணியுறை போட்டு, அடிக்கடி மாற்றினால் சரியாகிறது. மேடுபள்ளமான தரையில் தலை குலுங்கித் திண்டை விட்டு விலகும்போதெல்லாம் நாற்காலி நின்று நின்று போகிறது. உடலுக்கு ஓய்வு தர இருக்கையைப் பின்னுக்குச் சாய்க்கும்போது தலை இயல்பாகவே பின் திண்டில் போய்ப் படியும், அதாவது முன்னே போ என்ற கட்டளை போகும். ஆகவே குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் சாய்ந்தால் ஓட்டம் தானாகத் தடைபட வேண்டும். சில விநாடிகள் எந்தக் கட்டளையும் வராவிட்டால் ஓய்வு நிலைக்குப் போக வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைக்கப்பட்டிருக்கின்றனவா என்று, நாற்காலியை ஏற்றுக்கொள்ளும் முன் நீங்களே உட்கார்ந்து சோதித்துப் பாருங்கள். இதில் யார் வார்த்தையையும் நம்ப வேண்டாம்.

பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க முடியாத என்போன்றவர்களுக்கு, தடையை உணரும் சென்சார்கள் நல்ல துணை. 1990களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நாவ்சேர் போன்ற ஆய்வுகளில் தொடங்கி, இப்போது இருக்கும் நாற்காலியிலேயே பொருத்திக்கொள்ளும் அளவுக்கு அவை வந்துவிட்டன. தடையை நெருங்கும்போது ஒலியாலோ அதிர்வாலோ எச்சரிப்பவை ஒரு வகை; தாமே வேகத்தைக் குறைத்து நிறுத்துபவை இன்னொரு வகை. நான் எச்சரிக்கும் வகையைத்தான் பின்புறத்தில் பொருத்தியிருக்கிறேன். நாற்காலி எனக்காக முடிவெடுப்பதை நான் இன்னும் விரும்பவில்லை. கழுத்தும் தளர்ந்தபின் என் எண்ணம் மாறக்கூடும்.

யாருக்கு இது பொருந்தும் என்று கேட்டால், தலையைப் பக்கவாட்டிலும் பின்னாலும் சில சென்டிமீட்டர் தூரமாவது, நினைத்தபோது நகர்த்தவும் நினைத்தபோது நிறுத்தவும் முடிந்தவர்களுக்கு என்பேன். பலத்தைவிட அந்த நிறுத்தம் முக்கியம். திடீர்த் தசை இறுக்கத்தால் தலை பின்னுக்குப் போகிறவர்களுக்கு இது ஆபத்தாக முடியலாம். அவர்கள் சிகிச்சையாளர் உடனிருக்க, மோட்டாரைத் துண்டித்துவிட்டு, விளக்கு எரிவதை மட்டும் பார்த்துப் பல நாள் சோதித்தபின் முடிவெடுக்கட்டும். பழகுவதற்கு எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. முதல் மாதம் தினமும் கழுத்து வலித்தது. ஒரே மூச்சில் 20 நிமிடத்துக்கு மேல் ஓட்டாமல் படிப்படியாகக் கூட்டியபின் வலி அடங்கியது.

கடைசியாக, எந்தக் கையேட்டிலும் நான் காணாத ஒன்று. என்னைப் படுக்கைக்கு மாற்றும்போது திண்டுகள் பொருத்திய தண்டைக் கழற்றி வைப்பார்கள். மறுநாள் திரும்பப் பொருத்தும்போது அது ஒரு விரற்கடை முன்போ பின்போ, சற்றே சாய்ந்தோ அமைந்துவிட்டால், அன்று முழுவதும் நாற்காலி எனக்கு அந்நியமாகிவிடும். செட்டிங்கில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை தொழில்நுட்பரை வீணாக அழைத்தேன். இப்போது தண்டு நுழையும் இடத்திலும், ஒவ்வொரு திண்டின் மூட்டிலும், அழியாத மார்க்கரால் அக்கா ஒரு கோடு போட்டிருக்கிறாள். கோட்டோடு கோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திருகை இறுக்குகிறாள்.